சுவரைப் பார்த்து நின்ற மூன்று நிமிடம்

பிற்பகல் 2.40.

மாடியில் ஒரு கிராமபோன் ரிப்பேர் கடை. மெக்கானிக் அக்கா தட்டின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். தட்டு காலி. துணியைப் போட்டு மூடிவிட்டு மறுபடி விலக்கினாள். முதல் தடவை கண்தான் ஏமாற்றிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ. இரண்டாம் தடவையும் காலிதான்.

"தம்பி, வெள்ளி மூடிப் பெட்டிய நீ எடுத்தியா?"

அவளுடைய கொழுந்தன் ஸ்பிரிங் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினான். "நான் எதுக்கு அண்ணி எடுக்குறேன்? என்னைத்தான் சவுண்டு பாக்ஸ் பக்கமே விடமாட்டீங்களே."

"ரேடியோக்காரரே, நீங்க?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்தார். இருபத்தாறு வருஷம் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். அதிர்ச்சியிலும் அவர் குரல் தலைப்புச் செய்தி போலத்தான் வந்தது. "எங்க வீட்டுப் பெட்டிய நான் எதுக்கும்மா எடுக்கணும்?"

மூன்று பேர் பார்வையும் ஒரே நேரத்தில் கதவோரம் நின்றவர் மேல் விழுந்தது.

அங்கே நின்றவரை அந்தத் தெருவில் எல்லோரும் நத்தையண்ணன் என்பார்கள். சுமை தூக்குகிறவர். முதுகில் சாமானை வைத்துக்கொண்டு ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி என்று ஏறுவதால் வந்த பெயர். அவசரப்படமாட்டார். அவர் முதுகிலிருந்து இதுவரை ஒரு சாமான் நழுவியதில்லை.

அவர் தன் சட்டைப்பையைத் தடவினார். சீப்பு, நூல்கண்டு, ஒரு சாவி. மடியைத் தடவினார். தோளில் கிடந்த சும்மாட்டுத் துணியை உதறினார். நாம் எடுக்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் மூன்று பேர் அப்படிப் பார்க்கும்போது, நமக்கே தெரியாமல் நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. மறுபடி பையைத் தடவினார். சீப்பு, நூல்கண்டு, சாவி.

"நடுவுல வெளிய போனது நீங்க மட்டுந்தான்" என்றார் ரேடியோக்காரர்.

"சோடா வாங்கியாரச் சொன்னது நீங்கதானுங்களே" என்றார் நத்தையண்ணன்.

"சொன்னேன். நம்பித்தானே சொன்னேன்?"

அந்த ஒரு வார்த்தையில் நத்தையண்ணனுக்குப் பழசு ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே தெருவில் ஒரு துணிமூட்டை காணாமல் போனது. அதைச் சுமந்த கூலியாளைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் எடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை, எடுக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு கடைக்காரரும் அவனைக் கூப்பிடவில்லை. பத்து நாள் குழாயடியில் உட்கார்ந்திருந்தான். பதினோராம் நாள் அவனைக் காணோம். சந்தேகம் தட்டிய முதுகில் யாரும் சாமான் ஏற்றமாட்டார்கள்.

மெக்கானிக் அக்கா போலீசுக்குப் போன் செய்தாள்.

மாலை 3.30.

எஸ்.ஐ. நாற்பத்திரண்டு படி ஏறி மாடிக்கு வந்ததும் முதலில் கேட்டது, "ஃபேன் ஏன் போடல?"

"மைக்கா வேலை நடந்துச்சு சார். அப்புறம் போட மறந்துட்டோம்" என்று கொழுந்தன் ஃபேனைப் போட்டான்.

"எனக்கு இந்த வேலை தெரியாது. ஒண்ணாங் கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. என்ன தொலைஞ்சுது?"

மெக்கானிக் அக்கா மேசையிலிருந்த சாதாரணச் சவுண்டு பாக்ஸ் பெட்டி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பழைய சாவி கொடுக்கிற கிராமபோனின் தொண்டை அது. வட்டமாக, ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் மூடி அளவு. உள்ளே கண்ணாடித் தாள் போல மெல்லிய மைக்கா. அதைச் சுற்றி ரப்பர் வளையம். இசைத்தட்டின் கோட்டில் ஊசி ஓடினால் மைக்கா நடுங்கும். அந்த நடுக்கம் கைக்குழாய் வழியாக ஹாரனுக்குள் போய்ப் பாட்டாக வெளியே வரும்.

"மின்சாரம்?"

"ஒண்ணும் கிடையாது சார். காத்துதான்."

"ஹாரன் எங்க? படத்துல பெரிய பூ மாதிரி இருக்குமே?"

"இந்த மாடலுக்கு வெளிய இருக்காது. மரப்பெட்டிக்குள்ளயே வளைஞ்சு கிடக்கும். முன்னாடி ரெண்டு கதவு இருக்குல்ல, அதுதான் வாய்."

ஜன்னலோர மேசையில் ரேடியோக்காரரின் மெஷின் இருந்தது. இருபது கிலோ மரப்பெட்டி. மேலே இசைத்தட்டு சுற்றும் இடம், முன்னால் இரண்டு குட்டிக் கதவுகள். அதில் ஒரு சீட்டு தொங்கியது. காலித் தட்டின் ஓரத்தில் இன்னொரு சீட்டு கிடந்தது. எஸ்.ஐ. இரண்டையும் வாசித்தார். ஒன்றில் ரேடியோக்காரரின் பெயர். இன்னொன்றில் ஒரு பெண்ணின் பெயரும் போன் எண்ணும்.

"இது யாரு?"

"எங்க அக்கா சார்" என்றார் ரேடியோக்காரர். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. முழங்கையால் துடைத்தார். "அப்பா போனதும் பாகம் பிரிச்சோம். மெஷின் எனக்கு, வெள்ளி மூடிப் பெட்டி அக்காவுக்கு. நாளைக்குக் காலைல வாங்கிக்க வர்றாங்க. நான் எந்த முகத்தோட அவங்க முன்னாடி நிப்பேன்?"

"ஒரு மெஷினைப் பிரிச்சு உடம்பு ஒருத்தருக்கு, தொண்டை ஒருத்தருக்கா?"

"பெரியவங்க பேசி முடிச்சது சார்."

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சரி. நேரப்படி சொல்லுங்க."

சொன்னார்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும் நேரம் ஒத்துவந்தது.

காலை 10.30. நத்தையண்ணன் மெஷினைத் தோளில் ஏற்றி மேலே கொண்டுவந்தார். கதவுகள் திறந்தபடி, அவர் காதை ஒட்டி இருந்தது மெஷினின் வாய். "படி ஏற ஏற என் மூச்சு உள்ள போய்த் திரும்பி வந்துச்சு சார். காலிப் பானைக்குள்ள பேசினா வருமே, அப்படி. ரெண்டு பேர் சேந்து மூச்சு வாங்குற மாதிரி."

"கவிதையெல்லாம் வேண்டாம். மேல சொல்லு."

ரேடியோக்காரர் கட்டம் போட்ட கைக்குட்டையால் மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தார். வெள்ளி மூடிப் பெட்டியையும் சாதாரணப் பெட்டி ஒன்றையும் கொடுத்தார். இரண்டும் கரகரத்தன.

பகல் 12.10. வெள்ளி மூடிப் பெட்டி தயார். மெஷினில் மாட்டிப் பாடவிட்டார்கள். கீழே தெருவில் நின்ற நத்தையண்ணனுக்கே தாளம் கேட்டது. ரேடியோக்காரர் மட்டும், "மேல் சுரத்துல கொசு மாதிரி ஒரு ரீங்காரம் இருக்கும்மா" என்று இரண்டு தடவை கழற்ற வைத்தார். மூன்றாம் தடவை தலையாட்டினார். மெக்கானிக் அக்கா பெட்டியைத் துடைத்து, மெஷின் பக்கத்திலேயே தட்டில் வைத்துத் துணி போட்டாள்.

1.50. மெஷினைக் கீழே இறக்க நத்தையண்ணன் வந்தார். சாதாரணப் பெட்டிக்கு இன்னும் மைக்கா போடவில்லை, கொஞ்சம் இருங்க என்றார்கள்.

2.05. மைக்கா பொருத்தினார்கள்.

"இங்கதான் சார் விஷயம்" என்றாள் மெக்கானிக் அக்கா. "அப்ப யாரும் யாரையும் பாக்கல."

"ஏன்? எல்லாரும் கண்ணை மூடிட்டீங்களா?"

"சுவரைப் பாத்துத் திரும்பி நின்னாங்க."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார்.

அந்தக் கடையின் சட்டம் அது. மைக்கா வெறும் மூச்சுக்கே பறக்கும். ஒரு தும்மலில் ஒரு வாரத் தேடல் போய்விடும். அதனால் பொருத்தும் நேரம் ஃபேன் நிற்க வேண்டும், ஜன்னலும் கதவும் சாத்த வேண்டும், அறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு குனிவாள். கொழுந்தன் மூச்சை அடக்கிக்கொண்டு விளக்கைப் பிடிப்பான். ஒரு தடவை ஒரு நீதிபதியே குடையோடு சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார்.

"எத்தனை நிமிஷம்?"

"மூணு."

"விளக்கு அசைஞ்சுதா?"

"அசைஞ்சிருந்தா இவனை அங்கயே அடிச்சிருப்பேன்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் கையில வேலையோட. மிச்சம் ரெண்டு பேர் கை சும்மா." எஸ்.ஐ. விரல் விட்டு எண்ணினார். "ஒருத்தர் பெட்டிக்குச் சொந்தக்காரர். இன்னொருத்தன் நீ. சத்தம் எதாவது கேட்டுச்சா?"

"கீழ பெயிண்டு கடையில டின்னு ஆட்டுற மெஷின் ஓடுச்சு சார், கடகடன்னு. நடுவுல மரத்துல துணி உரசுற மாதிரி ஒரு சத்தம். ரேடியோ சார் மெஷினைத் துடைக்கிறாருன்னு நினைச்சேன்."

"ஆமா, தூசி தட்டினேன்" என்றார் ரேடியோக்காரர்.

"அப்புறம்?"

"2.10-க்குத் தாழ் திறந்தாங்க. சார் தொண்டை வறண்டு போச்சுன்னாரு. சோடாவுக்குப் போனேன். வந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நான் நத்தை சார். இருவது நிமிஷம்."

"இருவது நிமிஷத்துல ஒரு பெட்டிய ஊர் தாண்டி அனுப்பிடலாமேப்பா" என்றார் எஸ்.ஐ., கொஞ்சம் வருத்தமாகவே.

முதலில் என்னைச் சோதியுங்கள் என்று ரேடியோக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சோதித்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கூடு, பர்ஸ், மாத்திரை அட்டை. வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. நத்தையண்ணன் பாவம் பார்த்து, "துண்டு வேணுங்களா?" என்று நீட்டினார். வேண்டாம் என்று அவர் சட்டையின் அடியை இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது கொழுந்தன். சட்டைப்பைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் வட்டமாக வெட்டிய மைக்கா, எட்டுத் துண்டு.

அக்கா அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "இது நம்ம டப்பா மைக்கா."

"ஆமா அண்ணி."

"திருட்டு ஒண்ணுன்னு நினைச்சேன். ரெண்டா?" என்றார் எஸ்.ஐ.

"ஓரத்துல கிழிஞ்சு நீங்க தூக்கிப் போட்டதுதான் அண்ணி" என்றான் கொழுந்தன். காது சிவந்துவிட்டது. "வீட்டுல வெச்சு வெட்டிப் பழகுறேன். பன்னெண்டு வருஷமா ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டுட்டே இருக்கேன். எனக்கும் ஒரு நாள் மைக்கா போடணும்னு ஆசை இருக்காதா?"

"கேட்டா சொல்லித் தரமாட்டேனா?"

"கேட்டேன். போன மாசம் கேட்டேன். விளக்கை ஒழுங்காப் புடின்னு சொன்னீங்க."

எஸ்.ஐ. பொட்டலத்தை மடித்து அவனிடமே கொடுத்தார். இது வீட்டு விவகாரம் என்று அவர் முகமே சொன்னது.

கடைசியில் நத்தையண்ணன். சீப்பு, நூல்கண்டு, சாவி. சும்மாட்டின் தையலைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். அலமாரி, மேசையடி, குப்பைக்கூடை எல்லாம் புரட்டினார்கள். கூட வந்த கான்ஸ்டபிள் மெஷினின் மேல் பலகையைத் தூக்கி மோட்டாரைப் பார்த்தார். கதவு திறந்து வாய்க்குள் டார்ச் அடித்தார். ஹாரன் உள்ளே வளைந்து போகிறது, வெளிச்சம் வளையவில்லை. இருட்டு என்றார்.

மாலை 4.25.

"இதுல எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல" என்றாள் மெக்கானிக் அக்கா. அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. பெட்டி தொலைந்தது தெரியவந்ததே அந்தக் குழப்பத்தால்தான்.

2.35-க்குச் சாதாரணப் பெட்டியைப் புது மைக்காவோடு மெஷினில் மாட்டினாள். மெஷினுக்கு முறுக்கேற்றுகிற நீளமான சாவிக் கம்பி அதன் துளையில் இல்லை. ரேடியோக்காரர் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாவி கொடுத்துப் பாடவிட்டாள். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வந்தது போல அமுங்கி வந்தது. வெள்ளி மூடிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் தட்டின் துணியை விலக்கினாள்.

இப்போதும் அவளுக்கு அது பொறுக்கவில்லை. பெட்டியைக் கழற்றினாள். ரப்பர் வளையம் இறுகிவிட்டதோ என்று மாற்றினாள். பாடவிட்டாள். அமுக்கம். ஊசித் தண்டின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள். அமுக்கம். மைக்காவின் நடுவில் மெழுகைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். அமுக்கம்.

"ஊசிகிட்ட காத வெச்சா கணீர்னு இருக்கு. வாய்கிட்ட வந்தா இல்ல. பின்பக்க ரப்பர்ல எங்கயோ காத்து ஒழுகுது" என்றாள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார் ரேடியோக்காரர். "விடும்மா. வெள்ளி மூடிப் பெட்டியே போனதுக்கப்புறம் இது எப்படிப் பாடினா என்ன? மெஷினை அனுப்பிடுங்க. வீட்டுக்குப் போய்ப் படுக்கணும் எனக்கு."

"இப்படிப் பாடுற மெஷின் என் கடையை விட்டுப் போகாது."

"நல்லாருக்குன்னு நானே சொல்றேனேம்மா! அனுப்புங்க."

எஸ்.ஐ.யும் கடிகாரத்தைப் பார்த்தார். "அவரை விட்டுடுங்க. மனுஷன் நொந்து போயிருக்காரு." நத்தையண்ணன் பக்கம் திரும்பினார். "யோவ், நீ இதைக் கீழ வண்டியில ஏத்திட்டு அப்படியே ஜீப்புல ஏறு. ஸ்டேஷன்ல உக்காந்து நிதானமாப் பேசலாம்."

நத்தையண்ணன் மேசைக்கு வந்தார். சும்மாட்டைச் சுருட்டித் தோளில் வைத்தார். கதவுகள் திறந்தபடியே மெஷினைத் தூக்கி ஏற்றினார். ஒருவேளை இந்தத் தெருவில் தூக்கும் கடைசிச் சுமை இதுதானோ என்று நினைத்துக்கொண்டார்.

மாலை 5.10.

முதல் படி. மூச்சு. இரண்டாம் படி. மூச்சு. கீழே ஜீப்பைச் சுற்றிக் கூட்டம் நிற்பது கம்பி வழியாகத் தெரிந்தது. அவரோடு சேர்ந்து சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டு கடைக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

எட்டாம் படியில் நத்தையண்ணன் நின்றார். ஏதோ சரியில்லை. கால் வழுக்கவில்லை. சுமை சாயவில்லை. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறைகிறது என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாற்போல நின்றார். மூச்சு விட்டார். காத்திருந்தார். மறுபடி விட்டார்.

பின்னால் வந்த கான்ஸ்டபிள், "என்னய்யா, படியிலயே குடித்தனமா?" என்றார்.

நத்தையண்ணன் திரும்பினார். இருபது கிலோவோடு எட்டுப் படியும் திரும்ப ஏறினார். மெஷினை அதே மேசையில் இறக்கினார்.

"சார், இதை நான் தூக்கமாட்டேன்."

"ஏன், உடம்பு முடியலையா?"

"மெஷின் மூச்சு விடல சார்."

யாருக்கும் புரியவில்லை. அவர் மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க மத்தியானத்துல இருந்து சின்னப் பெட்டிய மூணு தடவை பிரிச்சிட்டீங்க. இந்தப் பெரிய பெட்டிய ஒரு தடவையாச்சும் பிரிச்சீங்களா?"

அக்கா மெஷின் பக்கம் திரும்பினாள். முகம் சட்டென்று மாறியது. இருபது வருஷமாகச் சவுண்டு பாக்ஸ் மட்டுமே பார்க்கிற கண் அது. பாட்டு கெட்டால் கை தானாகச் சவுண்டு பாக்ஸுக்குப் போகும். பாட்டு வெளியே வருகிற வழியை அவள் பார்க்கவே இல்லை.

"தம்பி, நீளமா ஒரு கொக்கி கொண்டா."

கொழுந்தன் ஸ்பிரிங் கம்பி ஒன்றை வளைத்துக் கொடுத்தான். அவள் மெஷினின் வாய்க்குள் முழங்கை வரை விட்டாள். வளைவு தாண்டி, குழல் குறுகும் இடத்தில் கொக்கி எதிலோ மாட்டியது. இழுத்தாள். முதலில் ஒரு துணி முனை வந்தது. கட்டம் போட்ட துணி. பிறகு, நாலாக மடித்த கைக்குட்டைக்குள், வெள்ளி மூடிப் பெட்டி.

எஸ்.ஐ. அதை எடுத்து நத்தையண்ணனிடம் காட்டினார். குரல் கடினமாக இருந்தது. "தூக்குற ஆளு நீ. உள்ள தள்ளி வெச்சிட்டுப் போற வழியில எடுத்துக்கலாம்னு நீயே பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருந்தா எதுக்கு சார் திரும்ப மேல ஏறி வரணும்? எட்டுப் படி சார். சும்மா ஏறினாலே முட்டி வலிக்குது."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார்.

"அப்ப யாரு?"

நத்தையண்ணன் நேராக ரேடியோக்காரரைப் பார்த்தார். கை நீட்டவில்லை. "சாருங்க."

"என்ன பேசுற நீ! என் பொருளை நானே…"

"உங்க பொருள் இல்லீங்களே, உங்க அக்கா பொருள். சீட்டுல அவங்க பேருதானே இருக்கு?" நத்தையண்ணன் படி ஏறுவது போலவே பேசினார், ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. "எனக்கும் மத்தியானமெல்லாம் ஒண்ணும் புரியல சார். நானே எடுத்துட்டேனோன்னு ரெண்டு தடவை பையைத் தடவிப் பாத்தேன். படியில என் மூச்சு உள்ள போய்த் திரும்பி வராம நின்னப்பதான் ஒவ்வொண்ணா வந்துச்சு. காலைல இவரு கைக்குட்டையால மெஷினைத் துடைச்சாரு. மைக்கா போட்டதுக்கு அப்புறம் முழங்கையால, சட்டையால துடைக்கிறாரு. துண்டு குடுத்தேன், வேண்டாம்னாரு. சோதனை போட்டப்ப எல்லாம் இருந்துச்சு, கைக்குட்டை இல்ல. அது எங்க போச்சுன்னு யாரும் கேக்கல."

"கைக்குட்டை எங்கயாவது விழுந்திருக்கலாம்" என்றார் ரேடியோக்காரர். தலைப்புச் செய்திக் குரல் போய்விட்டிருந்தது.

"இருக்கலாங்க. ஆனா காலைல கொசு சத்தம் கேக்குதுன்னு ரெண்டு தடவை பெட்டிய பிரிக்க வெச்ச காது உங்களுது. சாயங்காலம் போர்வை போத்துன மாதிரி பாடுது, எனக்கே கேக்குது. நீங்க நல்லாருக்கு, அனுப்புங்கன்னு சொல்றீங்க. திருப்பித் திருப்பிச் சொல்றீங்க."

மெக்கானிக் அக்கா மெதுவாகச் சொன்னாள். "சாவிக் கம்பி. 12.10-க்கு நான் துளையிலயே விட்டேன். அப்புறம் உங்க மடியில இருந்துச்சு. அதை வெச்சுத்தான் உள்ள தள்ளினீங்க. துணி உரசுன சத்தம் அதுதான்."

"சாருக்குச் சோடா தாகம் எடுக்கல, யாராவது ஒருத்தன் வெளிய போய்ட்டு வரணும்னு இருந்துச்சு" என்றார் நத்தையண்ணன். "பழி போட ஆள் வேணுமே."

ரேடியோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் வெள்ளி மூடி மேலேயே இருந்தது.

"அந்தப் பெட்டி இல்லாம மெஷின் வெறும் மரம்" என்றார். "அப்பா தினமும் அதைத்தான் போடுவார். அக்கா வீட்டுல மெஷினே கிடையாது. கண்ணாடி அலமாரியில வெப்பாங்க. பாடவே பாடாது. கடையில தொலைஞ்சு போச்சுன்னா யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்."

"எனக்கு" என்றார் நத்தையண்ணன்.

ரேடியோக்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

எஸ்.ஐ. சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு ரேடியோக்காரர் கையில் கொடுத்தார். "உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. அவங்க புகார் குடுத்தா எழுதுறேன்."

அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன மனிதர் "அக்கா…" என்றார். அதற்கு மேல் போக வெகுநேரம் ஆனது.

மாலை 5.50.

"சரிப்பா, நீ போகலாம்" என்றார் எஸ்.ஐ., நத்தையண்ணனிடம்.

நத்தையண்ணன் போகவில்லை. பிரித்துப்போட்ட சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்ன?"

"நீங்களும் கூட வரணும் சார்."

"எங்க?"

"கீழ. ஜீப்புல ஏறப் போறான்னு எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்க. நான் தனியா இறங்கிப் போய் நான் எடுக்கலன்னு சொன்னா, எடுத்தவனும் அதையேதான் சொல்லுவான்."

எஸ்.ஐ.க்கு அது பிடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மாட்டினார். மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே கதவருகே நின்றாள். கொழுந்தனும் வந்தான்.

நாற்பத்திரண்டு படி. நத்தையண்ணன் முன்னால் போனார், தோளில் சுமையில்லாமல். ஆனாலும் அதே நடைதான். பின்னால் மூன்று பேரும் அவர் வேகத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று.

கீழே கூட்டம் விலகி வழி விட்டது. எஸ்.ஐ. ஜீப் ஓரம் நின்று தொண்டையைக் கனைத்தார். "பொருள் மேலயே கிடைச்சிருச்சு. இந்தாளு எடுக்கல. கண்டுபிடிச்சதே இவருதான்" என்று சட்டைப் பொத்தானிடம் சொல்வது போல முணுமுணுத்தார்.

பெயிண்டு கடையில் டின் ஆட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்றவர்களே "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

நத்தையண்ணன் கையைத் தூக்கி, பெயிண்டு கடைக்காரரிடம் அதை நிறுத்தச் சொன்னார். அவர் நிறுத்தினார். தெரு அடங்கியது.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றார் நத்தையண்ணன். "கொஞ்சம் சத்தமா. அந்தக் கடைசிக் கடைக்கும் கேக்கணும்."